கேள்வி-பதில்: நண்பரின் பெயரில் வந்த இணைப்பு

கேள்வி: என்னோடு ஒன்றாகப் படித்த நண்பன் இப்போது கொழும்பில் வேலை செய்கிறான். கடந்த வாரம் அவனுடைய பேஸ்புக் கணக்கிலிருந்து "இந்தக் காணொளியில் இருப்பது நீதானே?" என்ற வரியுடன் ஓர் இணைப்பு மெசென்ஜரில் வந்தது. நான் அதை அழுத்தவில்லை. என் தங்கைக்கும் அதே செய்தி வந்தது. அவள் அழுத்திக் கடவுச்சொல்லையும் கொடுத்துவிட்டாள். தான் அனுப்பவில்லை என்று அவன் யாரிடமோ சொன்னானாம். காசுக்காகச் செய்திருப்பான் என்று தோட்டத்தில் பேசிக்கொள்கிறார்கள். நான் அவனைப் பேஸ்புக்கில் தடுத்துவிட்டேன் (பிளாக் செய்துவிட்டேன்). அது போதும்தானே?
– ஒரு வாசகர், தலவாக்கலை

பதில்: போதாது. இணைப்பை அழுத்தாமல் விட்டது சரி. அதற்குப் பின் செய்தது சரியில்லை. நண்பரைத் தடுப்பதற்கு முன் அவருக்கு ஓர் அழைப்பு எடுத்ததாக உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. அவர் சொன்னதையே இன்னொருவர் வாயால்தான் கேட்டிருக்கிறீர்கள்.

நடந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். இதே போன்ற இணைப்பொன்று முதலில் உங்கள் நண்பருக்கு, அவர் நம்பும் வேறொருவரின் கணக்கிலிருந்து வந்திருக்கும். அதை அழுத்தியதும் பேஸ்புக்கின் நுழைவுப் பக்கத்தைப் போலவே தோற்றமளிக்கும் போலிப் பக்கம் திறந்து, அங்கே அவர் தட்டிய கடவுச்சொல் நேராகத் திருடரிடம் போயிருக்கும். அதன்பின் அவருடைய பெயர், படம், நட்புப் பட்டியல் எல்லாம் திருடரின் கைக்கு வந்துவிடுகின்றன. அந்தப் பட்டியலில் உள்ள அனைவருக்கும் அதே வரி போகிறது. அனுப்பிய செய்திகளைத் திருடர் உடனே அழித்தும் விடலாம் என்பதால், கணக்குக்கு உரியவர் தம் பெயரில் நடப்பதை அறியாமலே இருக்கக்கூடும். நீங்களும் ஊராரும் ஒவ்வொருவராக அவரைத் தடுத்துக்கொண்டே போனால், அவருக்குச் சொல்ல ஆள் இல்லாமல் போவதும், திருடர் தடையின்றித் தொடர்வதும்தான் விளைவு.

இலங்கையின் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க கணினிக் குற்றங்கள் சட்டம், அனுமதியின்றி ஒரு கணினிக்குள் நுழைவதைக் குற்றமாக்குகிறது. இங்கே நுழைந்தவர் வேறு ஒருவர். உங்கள் நண்பர் அதனால் பாதிக்கப்பட்டவர். சான்று எதுவும் இல்லாமல் "காசுக்காகச் செய்தான்" என்று பரப்புவது அவருக்கு இழைக்கும் அநீதி.

தங்கையைப் பற்றி நீங்கள் ஒற்றை வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதிகம் கவலை தருவது அந்த வரியே. ஒரு பெண்பிள்ளையைப் பற்றிக் காணொளி இருக்கிறதாம் என்ற பேச்சு எழுந்தாலே அவளுடைய படிப்பும் வேலையும் நின்றுபோகக்கூடிய சூழலில் நாம் வாழ்கிறோம். அந்தக் கேள்வி வந்ததும் அவள் பதறி அழுத்தியதில் வியப்பில்லை; அந்தப் பதற்றத்தை எதிர்பார்த்துத்தான் அந்த வரியே எழுதப்படுகிறது. அவளைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை ஏதாவது நடக்கும்போது வீட்டில் சொல்ல மாட்டாள்.

அவள் வழக்கமாகப் பயன்படுத்தும் அதே கைப்பேசியிலிருந்து உடனே கணக்கினுள் சென்று கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். எந்தெந்தச் சாதனங்களில் கணக்கு திறந்திருக்கிறது என்று அமைப்புகளில் பார்த்து, அறியாதவை அனைத்திலிருந்தும் வெளியேற்ற வேண்டும். புதிய மின்னஞ்சலோ தொலைபேசி இலக்கமோ சேர்க்கப்பட்டிருந்தால் நீக்கிவிட்டு, கடவுச்சொல்லோடு ஒரு குறியீட்டையும் கேட்கும் இரு படிச் சரிபார்ப்பை இயக்க வேண்டும். மின்னஞ்சலுக்கும் அதே கடவுச்சொல்லை வைத்திருந்தால் அதுவும் திருடரிடம் இருக்கிறது என்றே கொண்டு மாற்றுங்கள். அட்டை விபரம் ஏதேனும் கொடுத்திருந்தால், முதல் அழைப்பு வங்கிக்குப் போகட்டும்.

மலையகத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. நம் தாய்மார் பலரின் கணக்குகளை நகரத்துக் கைப்பேசிக் கடைக்காரரே திறந்து கொடுத்திருக்கிறார். அதில் இருப்பது அவருடைய மின்னஞ்சல், அல்லது ரீலோட் செய்யாமல் எப்போதோ செயலிழந்த ஒரு சிம்மின் இலக்கம். கணக்கு பறிபோனால் மீட்புக் குறியீடு அங்கேதான் போகும். உரியவர் கைக்கு வராது. மத்திய கிழக்கில் வேலை செய்யும் மகளோடு பேச அந்தத் தாய்க்கு அந்த ஒரு கணக்குதான் இருக்கிறது என்றால், இழப்பு எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் உள்ள கணக்குகளில் யாருடைய இலக்கம் பதிவாகியிருக்கிறது என்று இந்த வாரமே பார்த்து, உரியவரின் இலக்கத்தைப் போட்டுவிடுங்கள்.

இணைப்பு பொய்யானதா என்று அறிய நம்பகமான அடையாளம் ஒன்று உண்டு. நீங்கள் மெசென்ஜருக்குள் இருக்கிறீர்கள் என்றால் ஏற்கெனவே உள்நுழைந்துதான் இருக்கிறீர்கள். அப்படியிருக்க, அங்கே வந்த இணைப்பை அழுத்தியதும் ஒரு பக்கம் மீண்டும் பேஸ்புக் கடவுச்சொல்லைக் கேட்டால் எதையும் தட்டாமல் மூடிவிடுங்கள். முகவரியின் தொடக்கத்தில் பேஸ்புக் என்ற பெயர் இருப்பதையோ, பூட்டுக் குறி தெரிவதையோ நம்ப வேண்டாம்; பொய்ப் பக்கங்களிலும் இவை இரண்டும் இருக்கலாம். வட்ஸ்அப்பில் "என் பிள்ளைக்கு ஒரு வாக்குப் போடுங்கள்" என்று வரும் இணைப்புகளும் இதே வழிதான். உங்கள் கைப்பேசிக்கு வரும் ஆறு இலக்கக் குறியீட்டை, கேட்பவர் உடன்பிறந்தவர் பெயரில் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அவரை அழைத்து, குரலைக் கேட்டபின் முடிவு செய்யுங்கள்.

தடையை இன்றே நீக்கி நண்பரை அழையுங்கள். அவரும் தங்கையும் தங்கள் பட்டியலில் உள்ளவர்களுக்கு நேரில் அல்லது தொலைபேசியில் "என் பெயரில் வந்த இணைப்பை அழுத்த வேண்டாம்" என்று சொல்ல வேண்டும். வெட்கப்பட்டு மௌனமாக இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் இன்னொருவர் அகப்படும் நேரம். வந்த செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, இணையப் பாதுகாப்புச் சிக்கல்களைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் (CERT) நிறுவனத்தை 101 என்ற இலக்கத்தில் அழையுங்கள். பணம் போயிருந்தாலோ மிரட்டல் வந்தாலோ பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். அதைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்க அரசியலமைப்பு உங்களுக்கு உரிமை தருகிறது. புரியாத மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் கையொப்பமிடாதீர்கள்.

– ஆசிரியர்