சாயம் நிற்கவில்லை, இழை அறுகிறது: கேள்வி பதில்

நூற்பது, சாயம் போடுவது, பின்னுவது, இதற்கெல்லாம் வேண்டிய செடிகளை வீட்டுக்குப் பின்னாலேயே வளர்ப்பது என்று என் நாள் ஓடுகிறது. வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பாதிப் பேர் கேட்டிருப்பது சாயம் நிற்கவில்லை என்பதுதான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மல்லிக்கொடி: அக்கா, தோட்டத்துச் செண்டுமல்லியைக் கொதிக்க வெச்சு வெள்ளைப் பருத்தி நூலை முக்கினேன். ஈரத்துல தங்கம் மாதிரி இருந்துச்சு. ரெண்டு தடவை அலசினதும் அழுக்கு வெள்ளையாயிடுச்சு. படிகாரம் கூடப் போட்டேனே?

சாயத்தை நூலோடு பிணைக்கும் படிகாரத்தைப் போட்டீர்கள், ஆனால் அது நூலில் உட்காரவில்லை. நீங்கள் பார்த்த செய்முறை கம்பளிக்கானதாக இருக்கும். கம்பளியும் பட்டும் புரதம், படிகாரத்தை நேரடியாகவே பிடித்துக்கொள்ளும். பருத்தி செல்லுலோஸ், அதாவது செடியின் நார்ப்பொருள். அதற்கும் படிகாரத்துக்கும் அவ்வளவாக ஒட்டுறவு கிடையாது. நடுவில் ஒரு தூது வேண்டும். துவர்ப்புப் பொருள், அதாவது டானின், அந்த வேலையைச் செய்யும். கடுக்காய்த் தூள் போதும்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. எல்லோரும் தாண்டிப் போவது அதைத்தான். பருத்தி இழையின் மேல் இயற்கையாகவே மெழுகும் பெக்டினும் படிந்திருக்கும். 100 கிராம் நூலுக்கு 5 கிராம் சலவைச் சோடா, நூல் தாராளமாக நீந்தும் அளவுக்குத் தண்ணீர், ஒரு மணி நேரம் கொதி. நூல் முதலிலேயே வெள்ளை வெளேரென்று இருந்திருக்கும், ஆனால் கொதித்த தண்ணீரைப் பாருங்கள்: பழுப்பு, பழைய தேன் நிறம். அவ்வளவும் சாயத்துக்கும் இழைக்கும் நடுவில் நின்றது. காய்ந்த நூலின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக உருண்டு நின்றால் இன்னொரு முறை கொதிக்க வையுங்கள். விட்ட நொடியில் உள்ளே போய்விட்டால் நூல் தயார்.

பிறகு 20 கிராம் கடுக்காய்த் தூளைச் சூடான தண்ணீரில் கரைத்து நூலை இரண்டு மணி நேரம் ஊற வையுங்கள். எடுத்துப் பிழிந்தால் போதும், அலச வேண்டாம். அடுத்து 15 கிராம் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, 2 கிராம் சலவைச் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். நுரை பொங்கும், பெரிய பாத்திரமாக எடுங்கள். அதில் இரவு முழுக்கக் கிடக்கட்டும். மறுநாள் லேசாக அலசிவிட்டுப் பூச்சாறுக்குப் போகலாம். காய்ந்த பூ என்றால் நூலின் எடைக்குச் சம எடை.

கடுக்காயே ஒரு வெளிர்மஞ்சள் தரும். செண்டுமல்லிக்கு அது லாபம். இளஞ்சிவப்பு கேட்பவர்களுக்குத்தான் இடைஞ்சல்.

வெங்காயத்தோல்: மஞ்சள், பீட்ரூட், வெங்காயத்தோல், மூணுல எது நிக்கும்?

வெங்காயத்தோல். மஞ்சள் எதன் மேலும் சட்டென்று ஏறும், வெயிலில் அதே வேகத்தில் இறங்கும், சோப்புத் தண்ணீர் பட்டால் சிவக்கும். பீட்ரூட் நிறமி சூட்டிலும் வெளிச்சத்திலும் சிதைந்துவிடும். கண்ணுக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் அதில் நேரம் போடாதீர்கள்.

தக்ளிக்காரன்: அக்கா, தக்ளியில், அதான் கையால சுத்துற நூற்புக் கதிர்ல, பஞ்சு நூற்கப் பழகுறேன். ஒரு முழம் வர்றதுக்குள்ள நாலு தடவை அறுந்துடுது. முறுக்கு கம்மியா, அதிகமா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

தம்பி, அறுந்த முனையைப் பாருங்கள், அதுவே சொல்லிவிடும். முனை பூனைவால் மாதிரிப் புசுபுசுவென்று மெலிந்து முடிந்தால் முறுக்குப் போதவில்லை: இழைகள் ஒன்றை ஒன்று பிடிக்காமல் வழுக்கிப் பிரிந்திருக்கின்றன. முனை வெட்டினது போல நின்று, நூல் தன்மேலேயே சுருண்டுகொண்டால் முறுக்கு மிஞ்சிவிட்டது. புதிதாகப் பழகுபவர்களுக்குப் பெரும்பாலும் முதல் வகைதான். பருத்தி இழை ஏறக்குறைய 25 முதல் 30 மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். கம்பளி அதைவிட எவ்வளவோ நீளம். குட்டை இழை ஒன்றோடொன்று நிற்க நிறைய முறுக்கு வேண்டும். இதனால் கம்பளி நூற்றுப் பழகியவர்கள்கூடப் பருத்திக்கு வந்தால் முதல் வாரம் அழுவார்கள்.

இன்னொன்று, பட்டையை, அதாவது நூற்பதற்காக நீளமாகத் திரட்டிய பஞ்சை, பிடிக்கும் கை. பஞ்சுப் பட்டையைக் கோழிக்குஞ்சைப் பிடிப்பது போலப் பிடியுங்கள், தப்பிப் போகவும் கூடாது, நசுங்கவும் கூடாது. இறுக்கிப் பிடித்தால் இழை வெளியே வராது, நீங்கள் இழுப்பீர்கள், அறும். தக்ளியைத் தொங்கவிடாமல் ஒரு சின்னக் கிண்ணத்தில் நிறுத்திச் சுற்றுங்கள். அதன் எடையை இளம் நூல் தாங்க வேண்டியதில்லை.

பஞ்சு சரியாகக் கொட்டிப் பிரிக்கப்படாமல் கட்டியும் முடிச்சுமாக இருந்தால் மேலே சொன்ன எதுவும் உதவாது. அரை மணி நேரம் கூடுதலாகப் பஞ்சைப் பிரித்தால் நூற்கும்போது ஒரு நாள் மிச்சம்.

சாய்ந்த பின்னல்: நானே நூற்ற ஒற்றை இழையில் கழுத்துத்துணி பின்னினேன். நேராப் பின்னினாலும் துணி ஒரு பக்கமாச் சாயுது. எண்ணிப் பார்த்தேன், கண்ணி எதுவும் விடலை.

நீங்கள் எண்ணினது சரிதான், நூல்தான் சாய்க்கிறது. ஒற்றை இழையில் மிச்சமிருக்கும் முறுக்கு அவிழப் பார்க்கும், ஒவ்வொரு கண்ணியையும் ஒரே பக்கம் திருப்பும். ஆயிரம் கண்ணி ஒரே பக்கம் திரும்பினால் துணி என்ன செய்யும்? என்னுடைய முதல் கழுத்துத்துணி சாய்சதுரமாக வந்தது. அழுத்தித் தேய்த்தேன், பலகையில் ஊசி குத்திக் காய வைத்தேன், ஒரு வாரம் நேராக இருந்தது. முதல் மழையில் நனைந்ததும் பழையபடி. இப்போது அது கோழி அடை வைக்கும் கூடையில் கிடக்கிறது, கோழிக்குச் சாய்வு ஒரு பொருட்டில்லை.

வழி: இரண்டு இழையைச் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்குங்கள். வலஞ்சுழியாக நூற்றிருந்தால் இடஞ்சுழியாக. முறுக்கிய நூலில் ஒரு முழம் எடுத்து இரு முனையையும் சேர்த்துத் தொங்கவிடுங்கள். அசையாமல் வளையமாகத் தொங்கினால் சமநிலை. இன்னும் தன்னைத்தானே சுற்றிக்கொண்டால் எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அதைப் பார்த்துச் சரிசெய்யுங்கள். ஒற்றை இழையிலேயே பின்னியாக வேண்டுமென்றால் நிட்டும் பர்லும், அதாவது நேர்க்கண்ணியும் எதிர்க்கண்ணியும், மாறி மாறி வரும் பின்னலாக எடுங்கள், ஒன்றின் சாய்வை மற்றது ஈடுகட்டும்.

ஓரம்: ஓரம் சுருளுது. கழுவினா போயிடுமா?

போகாது. ஒரு பக்கம் முழுக்க நிட், மறுபக்கம் முழுக்க பர்ல் தெரியும் பின்னலுக்கு அது பிறவிக்குணம். இரு ஓரத்திலும் நாலைந்து கண்ணியை எல்லா வரிசையிலும் நிட்டாகவே போடுங்கள்.

நீலத்தொட்டி: வணக்கம் அம்மா. அவுரி நீலப்பொடி, நீற்றின சுண்ணாம்பு, சர்க்கரை மூன்றும் சொன்ன கணக்கில் போட்டேன். மூன்று நாளாகத் தொட்டி நீலமாகவே நிற்கிறது. முக்கின நூலைக் கழுவினால் அத்தனையும் தண்ணீரோடு போகிறது.

நீலமாக நிற்கிற தொட்டி வேலை செய்யாத தொட்டி ஐயா. நீலம் தண்ணீரில் கரையாது. அதை ஒடுக்கி, அதாவது காற்றின் ஆக்சிஜன் செய்வதற்கு நேரெதிரான மாற்றத்தைச் செய்து, கரையும் வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். அப்போது திரவம் மஞ்சள் கலந்த பச்சையாக, சில சமயம் தேன் நிறமாக இருக்கும். மேலே செம்பு மாதிரிப் பளபளக்கிற ஆடை, நடுவில் கருநீல நுரை. ஆடையை ஒதுக்கிக் கரண்டியால் மொண்டு பாருங்கள். கரண்டியில் பச்சை தெரிய வேண்டும்.

நீங்கள் போட்டது வெள்ளைச் சர்க்கரை என்று நினைக்கிறேன். சிக்கல் அதில்தான். அது சுக்ரோஸ், ஒடுக்கும் வேலையைச் செய்யாது. ஃப்ரக்டோஸ், அதாவது பழச்சர்க்கரை, வேண்டும். நீலம் 1, சுண்ணாம்பு 2, ஃப்ரக்டோஸ் 3 என்பது கணக்கு. அது கிடைக்காவிட்டால் நன்றாகக் கனிந்து கறுத்த பழங்களைக் கொதிக்க வைத்து வடிகட்டிய சாறு. பழைய தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள், நீலம் அடியில் அப்படியே இருக்கும். 50 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, ஃப்ரக்டோஸ் சேர்த்து, அலைக்காமல் மெதுவாகக் கலக்கி மூடி வையுங்கள்.

நூலைச் சத்தமில்லாமல் உள்ளே இறக்குங்கள், தளும்பினால் காற்று கலக்கும். ஐந்து நிமிஷம் கழித்து எடுத்தால் பச்சையாக வரும், காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். எத்தனை வருஷம் பார்த்தாலும் இந்த ஒரு நிமிஷம் எனக்கு அலுக்கவில்லை. ஒரே முக்கில் கருநீலம் தேடாமல், நடுவில் காற்றாட விட்டு ஐந்தாறு முறை முக்குங்கள். கம்பளியை மட்டும் இந்தச் சுண்ணாம்புத் தொட்டியில் நேரம் மறந்து போட்டுவிடாதீர்கள், காரம் அதைத் தின்றுவிடும்.

கறுப்பு: நல்ல கறுப்பு எப்படி வரும்?

கடுக்காயில் ஊறிய நூலை அன்னபேதி என்ற இரும்பு உப்பைக் கரைத்த தண்ணீரில் காட்டினால் சாம்பலில் தொடங்கிக் கறுப்பை நோக்கிப் போகும். 100 கிராம் நூலுக்கு அன்னபேதி 2 கிராமுக்கு மேல் வேண்டாம். இரும்பு மிஞ்சினால் நூல் நைந்துபோகும். மிகப் பழைய துணிகளில் மற்ற நிறமெல்லாம் நிற்க, கறுப்பு இழை மட்டும் உதிர்ந்து ஓட்டையாக இருப்பது இதனால்தான். ஆழம் வேண்டுமென்றால் முதலில் அவுரியில் நீலமாக்கி அதன் மேல் இதைப் போடுங்கள்.

கிணற்றடி: மஞ்சிட்டி வேரில் சிவப்பு கேட்டால் மங்கின செங்கல் நிறம்தான் வருது.

தண்ணீரில் இரும்பு இருக்கலாம், அல்லது பாத்திரம் இரும்பாக இருக்கலாம். ஒரு துண்டு நூலை மழைத்தண்ணீரில், எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள், அரை நாளில் தெரிந்துவிடும். சாயப் பாத்திரம் சமையலுக்குத் திரும்பப் போகக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பாத்தி: அக்கா, ரெண்டு ஜோடி காலுறைக்குப் பஞ்சு வேணும்னா எத்தனை பருத்திச் செடி வைக்கணும்?

இரண்டு ஜோடிக்கு ஏறக்குறைய 200 கிராம் நூல் என்று வைத்துக்கொள்வோம். பறித்த பருத்தியில் மூன்றில் ஒரு பங்குதான் பஞ்சு, மீதி விதை. ஆக 600 கிராம் பறிக்க வேண்டும். நல்ல காய் ஒன்று 4 கிராம் தரும் என்றால் 150 காய். செடிக்கு 15 காய் நின்றால் 10 செடி. ஆனால் பூச்சி, மழை, நூற்கையில் போகும் கழிவு எல்லாம் உண்டு, 15 செடி வையுங்கள். நல்ல வெயில் வேண்டும். பூ மலர்ந்த அன்று வெளிறியிருக்கும், மறுநாள் இளஞ்சிவப்பாகும். நோய் என்று பயந்து ஒருத்தர் அதையெல்லாம் கிள்ளிப் போட்டார், அவருக்கு அந்த வருஷம் பஞ்சில்லை. பூவிலிருந்து காய் வெடிக்க ஐம்பது நாள் போல ஆகும். வெடித்ததைப் பனி காய்ந்த பிறகு உடனே பறித்துவிடுங்கள். விட்டுவைத்தால் சிவப்புப் பூச்சி வந்து பஞ்சில் கறை வைக்கும், அந்தக் கறை லேசில் போகாது.

பாத்தி: சாயத் தண்ணியைச் செடிக்கு ஊத்தலாமா?

பூ, தோல், வேர்ச் சக்கை உரக்குழிக்குப் போகட்டும். படிகாரத் தண்ணீரைக் கொட்டாதீர்கள், கொஞ்சம் படிகாரம் சேர்த்து அடுத்த நூல் சிட்டத்துக்கு (நூற்கட்டுக்கு) பயன்படுத்துங்கள். முழுதும் தீர்ந்ததை நிறையத் தண்ணீர் கலந்து, பாத்தி இல்லாத இடத்தில் ஊற்றலாம். சலவைச் சோடா கொதித்த தண்ணீர் செடிப் பக்கமே வேண்டாம். மயில்துத்தம் என்ற செம்பு உப்பைப் பயன்படுத்துகிறவர்கள் எனக்கு எழுத வேண்டாம், அதை முதலில் நிறுத்துங்கள்.

பெட்டி: கம்பளி நூலில் ஓட்டை. பருத்தியை விட்டுட்டு அதை மட்டும் தின்னுருக்கு.

அந்துப்பூச்சியின் புழு. அதற்குப் புரதம்தான் சாப்பாடு, சுத்தமான பருத்தியைத் தொடாது. நூலை உறையில் இறுகக் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் ஒரு வாரம் வையுங்கள். வேப்பிலை வைத்தால் புதியவை வரத் தயங்கலாம், உள்ளே இருக்கும் முட்டையை அது ஒன்றும் செய்யாது.

சந்தேகி: இயற்கைச் சாயம்னாலே வெளுக்கும்தானே? எதுக்கு இவ்வளவு பாடு?

மஞ்சளையும் பீட்ரூட்டையும் பார்த்தவர்கள் சொல்வது. மொஹெஞ்சதாரோவில் கிடைத்த பருத்தித் துணித் துணுக்கில் மஞ்சிட்டி இனத்துச் சிவப்பு இருந்தது, வயது நாலாயிரம் ஆண்டுக்கு மேல். 1869-இல் ஆய்வகத்தில் செய்யப்பட்ட அலிசரின் என்ற சிவப்பு நிறமியும், மஞ்சிட்டியின் உறவுச் செடியான மேடரின் வேரில் உள்ள அலிசரினும் ஒரே பொருள்தான். நிற்பதும் போவதும் எந்த நிறமி, எப்படித் தயார் செய்த இழை என்பதைப் பொறுத்தது. யார் சொன்னாலும், நான் சொன்னாலும், நம்பாதீர்கள். ஒரு அட்டையில் நூலைச் சுற்றி, பாதியைக் கறுப்புக் காகிதத்தால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் இரண்டு வாரம் வையுங்கள். என் ஜன்னலில் இப்போது ஆறு நூல் இருக்கிறது. ஐந்தாவது மாதுளைத்தோல், இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை.