அலுமினியம் உப்புக்குள் இறங்கவில்லையா? சூடும் உறிஞ்சலும்தான் குறை

உப்பைப் பிறகு கரைத்தெடுத்து, துளைகள் நிறைந்த அலுமினிய நுரை செய்வதற்காக, 2–3 மி.மீ. உப்புக் கற்களை எஃகு அச்சில் நிரப்பி 720 டிகிரியில் அலுமினியம் ஊற்றியதில், மேலே 1 செ.மீ. மட்டுமே இறங்கி உறைந்தது என்கிறீர்கள். ஊற்றும் சூட்டை இன்னும் கூட்டிப் பயனில்லை. குளிர்ந்த உப்பு உலோகத்தின் வெப்பத்தை உடனே இழுத்துக்கொள்கிறது. போதாததற்கு, உருகிய அலுமினியம் உப்பில் ஒட்டிப் பரவாது. சொந்த எடையில் மட்டும் அந்தச் சின்னச் சந்துகளுக்குள் புகாது.

உப்பை முதலில் 200 டிகிரியில் சில மணி நேரம் மெதுவாக உலர்த்துங்கள். ஈரம் மிச்சமிருந்தால் கற்கள் வெடித்துத் தூளாகும். உலோகமும் தெறிக்கும், இதில் அலட்சியம் கூடவே கூடாது. பிறகு அச்சோடு சேர்த்து 630 டிகிரி வரை சூடேற்றுங்கள். உப்பு உருகுவது 801-இல், பயமில்லை.

அச்சின் அடியில் மெல்லிய துளைகள் போட்டு, அதன்மேல் சன்னமான எஃகு வலை வைத்து, ஊற்றியதும் வெற்றிட பம்ப்பால் கீழிருந்து இழுங்கள். உங்கள் கல் அளவுக்கு அரை வளிமண்டல அழுத்தமே தாராளம். மிகையாக அழுத்தினால் உலோகம் கற்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களையும் மூடிவிடும். உள்ளே சிக்கிய உப்பு பிறகு கரையவே கரையாது. அச்சைத் தட்டித் தட்டி நெருக்கமாக நிரப்புவதும் கற்கள் நன்றாகத் தொட்டுக்கொண்டிருப்பதற்காகத்தான்.

உலோகம் உறைந்து ஆறியதும், வெந்நீரை மாற்றி மாற்றி உப்பைக் கரைத்து, உலர்த்தி எடை பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு எடைகள் ஒன்றாகும்வரை விடாதீர்கள். மிஞ்சிய உப்பு அலுமினியத்தை அரித்துவிடும். துளைப் பங்கு, அதாவது மொத்தக் கன அளவில் துளைகள், 62 சதவீதமானால் அடர்த்தி ஏறத்தாழ 1 கிராம்/க.செ.மீ. வரவேண்டும்.