கேமரா நடந்த வேகம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மௌனப்படங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ‘கபிரியா’ (1914) பார்த்தேன். ஜோவான்னி பஸ்த்ரோனே இயக்கிய இத்தாலியப் படம். ரோமுக்கும் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜுக்கும் நடந்த இரண்டாம் பியூனிக் போர்தான் பின்னணி. எட்னா எரிமலை வெடிக்கிறது. கபிரியா என்ற சிறுமி கடற்கொள்ளையர் கையில் சிக்கி, கார்த்தேஜில் விற்கப்படுகிறாள். மொலோக் என்ற தெய்வத்துக்குப் பலியிடக் கொண்டுபோகிறார்கள். ஒரு ரோமானியனும் அவனுடைய அடிமை மாசிஸ்தேயும் அவளைக் காப்பாற்றுகிறார்கள். உண்மையைச் சொல்கிறேன், படம் நகரவே இல்லை. ஃபோனில் இரண்டு மடங்கு வேகத்தில் வைத்து ஒருவழியாகப் பார்த்து முடித்தேன். என் சந்தேகங்கள்: கார்த்தேஜில் நிஜமாகவே குழந்தைகளைப் பலியிட்டார்களா? ஆர்க்கிமிடீஸ் கண்ணாடி வைத்துக் கப்பல்களை எரித்தாரா? இது பிரச்சாரப் படம் என்கிறார்களே, அப்படியென்றால் ஏன் பார்க்க வேண்டும்?

ச., திண்டுக்கல்

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் வந்த வாரம் நானும் இந்தப் படத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வாரம்தான் என் மாமாவின் வருஷத் திதி. இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். வருகிறேன்.

முதலில் உங்கள் சந்தேகங்கள். கண்ணாடிக் கதையை விட்டுவிடுங்கள். ஆர்க்கிமிடீஸின் ஊரான சிராகூஸை ரோமானியர் முற்றுகையிட்டதை விரிவாக எழுதிய பழைய வரலாற்றாசிரியர்கள் பொலிபியஸோ லிவியோ அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆர்க்கிமிடீஸின் மற்ற இயந்திரங்களைப் பற்றித்தான் சொல்கிறார்கள். பலி விஷயம் அவ்வளவு எளிதில்லை. படம் வெளிவந்து ஏழு வருடம் கழித்து, 1921ல், பழைய கார்த்தேஜின் எல்லையில் ஓர் இடத்தைத் தோண்டினார்கள். மண்தாழிகள், அவற்றுக்குள் எரிந்த சிசுக்களின் எலும்புகள். அது பலிபீடமா, பிறந்ததும் இறந்த குழந்தைகளின் இடுகாடா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். அங்கே வணங்கப்பட்டது பால் ஹம்மோனும் தானித்தும். மொலோக் என்ற பெயர் எபிரேய வேதத்திலிருந்து வந்தது. பிரச்சாரமா என்றால், ஆமாம். 1911ல் இத்தாலி லிபியா மீது படையெடுத்து, மறு வருடமே உதுமானியரிடமிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டது. அந்தச் சூட்டில், ஆப்பிரிக்க மண்ணில் ரோம் வெல்லும் கதை. மாசிஸ்தேயாக நடித்தவர் பார்த்தலோமியோ பகானோ, ஜெனோவா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். இந்தப் படத்தில் உடம்பெல்லாம் கருப்புப் பூசி நிற்கிறார். 1915லிருந்து வந்த அடுத்தடுத்த படங்களில் அதே மாசிஸ்தே வெள்ளை இத்தாலியனாகிவிட்டான். இதையெல்லாம் தெரிந்துகொண்டே பாருங்கள். பார்க்காமல் இருப்பதற்கு இது காரணமாகாது.

இப்போது எனக்குக் கோபம் வந்த இடத்துக்கு வருகிறேன். “படம் நகரவே இல்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பி, எந்தப் படத்தைப் பார்த்து இந்த வார்த்தையைச் சொல்கிறீர்கள்? நகர்வதற்காகவே எடுக்கப்பட்ட படம் அது. இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டியதால், எது நகர்ந்ததோ அதை நீங்களே அழித்துவிட்டீர்கள். சமையல்காரர் மூன்று மணி நேரம் சிறுதீயில் வைத்ததைக் கொதிக்கவைத்துக் குடித்துவிட்டு ருசியில்லை என்பது போலிருக்கிறது.

அதற்கு முந்தைய படங்களை நினைத்துப் பாருங்கள். கேமரா நாடகக் கொட்டகையின் முன்வரிசையில் உட்கார்ந்த ஆள் மாதிரி பெரும்பாலும் ஒரே இடத்தில் இருக்கும். பின்னால் அரண்மனை என்று ஒரு படுதாவில் வரைந்து தொங்கவிட்டால் போதும். கேமரா அசையாதவரை குட்டு வெளிப்படாது. பஸ்த்ரோனே இத்தாலியின் டூரின் நகரில் தன் இத்தாலா படக் கம்பெனிக்காக மரத்தாலும் சாந்தாலும் நிஜமான செட்டுகளை எழுப்பினார். தூண்களின் இடத்தில் கரிய யானைகள் நிற்கும் அந்த அரண்மனைக் கூடத்தை நீங்களும் தாண்டித்தான் போயிருப்பீர்கள். அவ்வளவு கட்டிய பிறகு, அது கட்டிடம்தான், படுதா இல்லை என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியவைப்பது? கேமராவை ஒரு வண்டியில் ஏற்றினார். 1912லேயே அந்த வண்டிக்குக் காப்புரிமையும் வாங்கிவைத்திருந்தார். இத்தாலியில் அதற்குப் பெயர் ‘கர்ரெல்லோ’. நம் ஊரில் டிராலி.

அந்த வண்டி எப்படிப் போகிறது என்பதைத்தான் நீங்கள் தவறவிட்டீர்கள். நேராகப் பாய்ந்து போகாது. ஒரு பக்கமாகச் சாய்ந்து, உங்களுக்குத் தெரியாமலே கிளம்பும். முன்னால் இருக்கும் தூண் கொஞ்சம் ஒதுங்கும். அதன் பின்னாலிருந்து இன்னொரு தூண் எட்டிப் பார்க்கும். இரண்டுக்கும் நடுவில் காற்று இருக்கிறது, ஓர் ஆள் நடந்து போகலாம் என்று கண்ணுக்குத் தெரியும். கதையில் அப்போது யாரும் ஓடவில்லை, யாரையும் துரத்தவில்லை. கேமரா தானாகவே, இடத்தைப் பார்க்க ஆசைப்பட்டு நடக்கிறது. படம் முதன்முதலாகத் திரையிடப்பட்ட 1914 ஏப்ரல் 18 அன்று டூரின் அரங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒரு கூடத்துக்குள் தாங்களே அடியெடுத்து வைப்பது போல உணர்ந்திருப்பார்கள். நடக்கிற வேகம் அது. இரண்டு மடங்காக்கினால் நடை போய்விடும், உதறல்தான் மிஞ்சும்.

இன்னொன்றும் உண்டு. அந்தக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள். நொடிக்குச் சுமார் 16 ஃபிரேம். பிற்காலத்தில் அதை 24 ஃபிரேமில் ஓட்டியதால்தான் மௌனப்பட மனிதர்கள் பொம்மை மாதிரி வெடுக் வெடுக்கென்று நடப்பதாக நாம் நினைத்துக்கொண்டோம். பாவம், அவர்கள் நம்மைப் போலத்தான் நடந்தார்கள்.

என் மாமா சென்னையில் முப்பது வருடத்துக்கு மேல் டிராலி தள்ளினார். ஸ்கூல் லீவில் வடபழனிக்குப் போனால் சில நாள் என்னையும் ஷூட்டிங்குக்குக் கூட்டிக்கொண்டு போவார். டிராக் போட்டதும் தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தண்டவாளத்தோடு ஒட்டிவைத்து ஒரு கண்ணை மூடி மட்டம் பார்ப்பார். எங்கே தாழ்கிறதோ அங்கே மரத்துண்டைச் செருகுவார். கிறீச் சத்தம் வராமலிருக்க டிராக்கில் முகப்பவுடரைக் கொட்டித் தேய்ப்பார். மத்தியானத்துக்குள் அவருடைய பாதங்கள் வெள்ளையாகிவிடும். செருப்புப் போட்டுத் தள்ளவே மாட்டார். “கிளம்புறது தெரியக் கூடாது, நிக்கிறது தெரியக் கூடாது” என்பார். அவர் தொழிலைப் பற்றி என்னிடம் சொன்னது அவ்வளவுதான்.

அவருக்குக் கண் மங்கத் தொடங்கிய காலத்தில் டிவியில் இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். கார்த்தேஜின் தளபதி ஹனிபால் யானைகளோடு ஆல்ப்ஸ் மலையைக் கடந்தது அவரைத் தொடவில்லை. பாதித் தூக்கத்தில் இருந்தார். யானைத் தூண் கூடத்தில் கேமரா அசைந்ததும் சட்டென்று நிமிர்ந்தார். “இது டிராலிடா” என்றார். எந்த வருஷம் என்று கேட்டார். 1914 என்றேன். திரும்பப் போடச் சொன்னார். ஆறு தடவை பார்த்தோம். ஆறாவது தடவை அவருடைய வலது கால் தரையில் மெல்ல முன்னால் நகர்ந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

“யாருடா தள்ளினது?” என்று கேட்டார்.

பஸ்த்ரோனேயைப் பற்றிச் சொன்னேன். கணக்கெழுதும் வேலையிலிருந்து சினிமாவுக்கு வந்தவர். கேமராவில் கைவைத்தவர்களில் ஸ்பெயினிலிருந்து வந்த செகுந்தோ தெ சோமோனும் ஒருவர் என்றும் சொன்னேன். “அவங்க இருக்கட்டும். தள்ளினது யாரு?” நான் வாயைத் திறக்கவில்லை. அவரே சிரித்துக்கொண்டு படுத்துவிட்டார்.

நீங்கள் “பஸ்த்ரோனே இயக்கிய” என்று சுலபமாக எழுதிவிட்டீர்கள். அன்றைக்கு யாரும் அப்படிச் சொல்லவில்லை. போஸ்டர் முழுக்க கவிஞர் தன்னுன்ட்சியோவின் பெயர். கடன்காரர்களுக்குப் பயந்து பிரான்சில் போய் இருந்தவரிடம் 50,000 லிரா கொடுத்து பெயரை வாங்கினார் பஸ்த்ரோனே. கவிஞர் காட்சிகளுக்கு நடுவே எழுத்தில் வரும் டைட்டில் கார்டுகளை அலங்காரமாக எழுதினார், கபிரியா, மாசிஸ்தே என்று பெயர் வைத்தார். உலகம் படமே அவருடையது என்று கொண்டாடியது. பஸ்த்ரோனே பியேரோ ஃபோஸ்கோ என்ற புனைபெயருக்குப் பின்னால் ஒதுங்கி நின்றுகொண்டார். சில வருடங்களில் சினிமாவையே விட்டுவிட்டு மருத்துவ ஆராய்ச்சிக்குப் போய்விட்டார். டைட்டில் கார்டின் அலங்காரத் தமிழாக்கத்தை நீங்கள் கடிதத்தில் பாராட்டியிருந்தீர்கள்; இடமில்லாததால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டேன். அந்தக் கார்டுகள் எல்லாவற்றையும் தூக்கிவிட்டாலும் படம் நிற்கும். வண்டியை எடுத்துவிட்டால் நிற்காது. அவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

உங்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் திண்டுக்கல்லில் உட்கார்ந்து நூறு வருடத்துக்கு முந்தைய இத்தாலியப் படத்தைத் தேடிப் பிடித்தவர் நீங்கள். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். முழுப் படத்தையும் இப்போதே மறுபடி பார்க்க வேண்டாம். 2006ல் டூரின் சினிமா அருங்காட்சியகம் புதுப்பித்த பிரதியைத் தேடுங்கள். ஃபோன் வேண்டாம், நண்பர் வீட்டுப் பெரிய டிவியில் போடுங்கள். கார்த்தேஜ் அரண்மனைக் கூடம் வரும் ஒரே ஒரு காட்சி, சரியான வேகத்தில். அப்புறம் எனக்கு எழுதுங்கள்: கேமரா எந்த இடத்தில் கிளம்பியது, எங்கே வந்து நின்றது?

அன்புடன்.