கேளுங்கள், சொல்கிறோம்: கயிலாயம் போயே தீருவேன் என்கிறார் அம்மா

கே: அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரை உண்டு. தினமும் பாடலீஸ்வரர் கோயிலைச் சுற்றி வருகிறவர். "மானசரோவர் போயே தீருவேன், சிவன் பார்த்துப்பான்" என்று பிடிவாதமாக இருக்கிறார். அனுப்பலாமா?
- வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

ப: வயது இடிக்காது, வெளியுறவு அமைச்சகம் நடத்தும் யாத்திரைக்கு 70 வரை விண்ணப்பிக்கலாம். ஆனால் உடல் நிறை குறியீடு 25-ஐத் தாண்டக் கூடாது, டெல்லியில் மருத்துவச் சோதனை, அதில் தேறினாலும் உத்தராகண்டின் லிபுலேக் கணவாய் வழியில் போகிறவர்களை மலையில் வைத்து மறுபடி சோதிப்பார்கள், அங்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். நேபாளம் வழியாகத் தனியாரும் கூட்டிப்போகிறார்கள். அதில் இவ்வளவு கெடுபிடி கிடையாது, என் பயமே அதுதான்.

கோயிலைச் சுற்றுவது நல்ல பழக்கம், ஆனால் கடலூர் கடல் மட்டத்தில் இருக்கிற ஊர். மானசரோவர் ஏரி இருப்பதோ சுமார் 4,590 மீட்டரில். அங்கே தண்ணீர் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் சோறு ஒழுங்காக வேகாது. மலையைச் சுற்றும் 52 கிலோமீட்டர் பரிக்ரமாவில் டோல்மா லா கணவாய் 5,630 மீட்டர், அங்கே மூச்சை இழுத்தால் ஊரில் கிடைக்கிற ஆக்சிஜனில் பாதிதான் கிடைக்கும். திடகாத்திரமான இளைஞனும் அங்கே படுத்துவிடுவான். தலைவலி, வாந்தி, நடை தள்ளாடுவது எல்லாம் உயரம் ஒத்துக்கொள்ளாததன் அறிகுறி. குழு நம்மை விட்டுவிட்டுப் போய்விடுமோ என்று பலர் அதை மறைக்கிறார்கள். முற்றிவிட்டால் உடனே கீழே இறங்குவதுதான் வைத்தியம். இதை அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

அதனால் முதலில் இதயம், நுரையீரல், கண் மூன்றையும் பார்த்துவிடுங்கள். மருத்துவர் சரி என்றால் ஏரியில் தரிசனம் செய்துவிட்டு, மற்றவர்கள் பரிக்ரமா போகும்போது அம்மா அடிவாரத்து தார்ச்சனிலேயே தங்கிக்கொள்ளட்டும், நிறைய பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

மருத்துவர் வேண்டாம் என்றால்? உங்கள் ஊர்க் கரையில் கல்லோடு மிதந்து வந்து ஏறிய அப்பரையே துணைக்குக் கூப்பிடுங்கள். அவரும் கயிலைக்குக் கிளம்பியவர்தான். கால் தேய்ந்து, கையால் தவழ்ந்து, மார்பால் நகர்ந்து, கடைசியில் உருண்டு போனதாகப் பெரியபுராணம் சொல்கிறது. அப்போது சிவனே முனிவர் வேடத்தில் வந்து, இது மனிதரால் ஆகாது, திரும்பிப் போ என்கிறார். பார்க்காமல் இந்த உடம்போடு திரும்பமாட்டேன் என்று அப்பர் அடம்பிடித்ததும் உண்மை (உங்கள் அம்மா இதைக் கட்டாயம் சொல்வார்). அப்புறம்தான் ஒரு பொய்கையில் மூழ்கச் சொல்ல, திருவையாற்றில் எழுந்து, அங்கேயே கயிலைக் காட்சி கண்டார். திருவையாறு பஸ்ஸில் போய்வரும் தூரம்தானே.

கே: நம்ம சிவன் மலையைத் திபெத்தியர்கள் ஏன் சுற்றுகிறார்கள்?
- வாசகர், காரைக்கால்

ப: அவர்களுக்கும் அது சொந்த மலை. பௌத்தர்களுக்கு டெம்சோக் என்ற தெய்வத்தின் இருப்பிடம், சமணர்களுக்கு ஆதிநாதர் முக்தி அடைந்த அஷ்டாபதம். திபெத்தின் பழைய மதமான பொன் வழியினருக்கும் புனிதம், அவர்கள் மட்டும் இடப்புறமாகச் சுற்றுவார்கள். எதிரே வருகிறவரைப் பார்த்து வழி தவறிவிட்டார் என்று நினைக்காதீர்கள். குதிரை ஆண்டில் ஒரு சுற்று 13 சுற்றுக்குச் சமம் என்பது திபெத்திய நம்பிக்கை, 2014-க்குப் பிறகு அந்த ஆண்டு 2026. சுற்றுகிறார்களே தவிர, உச்சியில் யாரும் ஏறியதாகப் பதிவில்லை. கயிலையைக் காலால் மிதிக்கக் கூடாதென்று தலையால் நடந்த அம்மையாரின் ஊர்க்காரர் நீங்கள், உங்களுக்கு நான் விளக்கவா வேண்டும்!

கே: அப்பா சொல்தா (பிரெஞ்சுப் படையில் இருந்தவர்), அதனால் எனக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. மனைவிக்கு இந்தியக் குடியுரிமை. அரசு யாத்திரையில் சேர்ந்து போக முடியுமா?
- வாசகர், புதுச்சேரி

ப: முடியாது. அது இந்தியக் குடிமக்களுக்கு மட்டும், வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் எடுபடாது. மனைவி தனியாக விண்ணப்பிக்கலாம், ஆனால் குலுக்கலில் பெயர் வர வேண்டும். ஐந்தாண்டு இடைவெளிக்குப் பிறகு 2025-இல் மீண்டும் தொடங்கியபோது லிபுலேக், நாதுலா இரண்டு வழிக்கும் சேர்த்து இருந்ததே 750 இடம்தான். சேர்ந்துதான் போவோம் என்றால் தனியார் பயண முகவர்தான் வழி. உங்கள் இருவர் பாஸ்போர்ட்டும் வேறுவேறு என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன்பே அவரிடம் சொல்லுங்கள், திபெத் அனுமதியை அவர்தான் வாங்க வேண்டும்.