வாக்குச்சாவடியும் வானொலியும்

கேள்வி: ஊடகங்கள் கட்டுப்பாடின்றிப் பேசுவதால் பூசல்தானே வளர்கிறது? பத்திரிகைச் சுதந்திரம் அமைதிக்குத் துணை என்பதை எப்படி ஏற்பது?
– வாசகர் ஒருவர், தஞ்சாவூர்

பதில்: தங்கள் ஐயத்தில் நியாயம் உண்டு. 1994இல் ருவாண்டாவில் ஒரு வானொலி நிலையமே இனப்படுகொலையைத் தூண்டியது. ஆனால், அது ஆட்சியாளர்களுக்கு நெருக்கமானவர்களின் ஆதரவில் இயங்கிய நிலையம் என்பதை மறந்துவிடக் கூடாது.

மேற்கு ஆப்பிரிக்காவின் கானாவைப் பாருங்கள். 2008 டிசம்பரில் நடந்த இரண்டாம் சுற்று அதிபர் தேர்தலில், ஏறத்தாழ 90 லட்சம் வாக்குகளில் வெறும் 40,000 சொச்சம் வித்தியாசத்தில் ஆளுங்கட்சியின் நானா அக்குஃபோ அடோ தோற்றார். எதிர்க்கட்சியின் ஜான் அட்டா மில்ஸ் வென்றார். கலவரம் மூளுமோ என்று நாடே அஞ்சிய நாட்கள் அவை. கட்சிச் சார்புள்ள சில வானொலிகள் பதற்றத்தைக் கூட்டவும் செய்தன. ஆயினும், அங்கே வாக்குகள் அந்தந்தச் சாவடியிலேயே கட்சி முகவர்களின் கண்ணெதிரே எண்ணப்படுகின்றன. தனியார் வானொலிகளின் செய்தியாளர்கள் அந்த எண்ணிக்கையைக் கைப்பேசி வழியே உடனுக்குடன் சொல்ல, ஊரே கேட்டுக்கொண்டிருக்கிறது. அதன்பின் தலைநகர் அக்ராவில் யாராவது எண்களைத் திருத்தினால் உடனே வெளிப்பட்டுவிடும். 2009 ஜனவரி 7 அன்று ஆட்சி முறைப்படி கைமாறியது. 2001இலேயே அவதூற்றுக்காகச் செய்தியாளர்களைச் சிறையிலடைக்கும் குற்றவியல் சட்டத்தை நீக்கியிருந்த நாடு அது.

அக்குஃபோ அடோ 2012இலும் தோற்றார். அம்முறை முடிவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றார். மாதக்கணக்கில் நடந்த விசாரணையை மக்கள் தொலைக்காட்சியில் நேரடியாகக் கண்டார்கள். 2013 ஆகஸ்டில் தீர்ப்பு தமக்கு எதிராக வந்தபோது, அதில் உடன்பாடில்லை என்றாலும் ஏற்பதாக அறிவித்தார். அடுத்த தேர்தல் தவறாமல் வரும் என்ற உறுதி இல்லாதவர் அப்படிச் சொல்லியிருப்பாரா? 2016 தேர்தலில் அவரே வென்று அதிபரானார்.

அண்டை நாடான ஐவரி கோஸ்டில் நேர்ந்தது வேறு. 2010 தேர்தலில் தோற்ற அதிபர் லோரான் பாக்போ பதவி விலக மறுத்தார். அரசுத் தொலைக்காட்சி அவர் பக்கம் நின்றது, வெளிநாட்டுச் செய்தி அலைவரிசைகள் துண்டிக்கப்பட்டன. இரு தரப்பாரும் தத்தம் கணக்கையே நம்பினார்கள். தொடர்ந்த மோதலில் சுமார் 3,000 பேர் மாண்டார்கள். இதை எழுதும்போதே நெஞ்சு கனக்கிறது.

கானாவில் 2024 டிசம்பரில் ஆளுங்கட்சி வேட்பாளர் மகமுது பவுமியா, தேர்தல் ஆணையம் முடிவை அறிவிக்கும் முன்பே தம் தோல்வியை ஒப்புக்கொண்டு, வென்றவரைத் தொலைபேசியில் அழைத்து வாழ்த்தினார்.