வாயை நீட்டும் வெள்ளி மீன் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தேவிபட்டினத்தில் உறவினர் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, கரைவலையில் அகப்பட்ட பொடி மீன்களிடையே உள்ளங்கையில் அடங்கும் அளவுள்ள, தட்டையான, வெள்ளியாய்ப் பளபளக்கும் மீன்கள் நிறையக் கிடந்தன. தொட்டதும் கையில் கோழை ஒட்டியது. வாயைப் பிடித்து இழுத்தபோது அது குழாய் போல வெளியே நீண்டது. பாறைக்குஞ்சு என்று ஒருவரும் ஊடான் என்று இன்னொருவரும் சொன்னார்கள். இருட்டில் இது ஒளிரும் என்றும் கேள்விப்பட்டேன். இது என்ன மீன், எங்கே வாழ்கிறது? – ஒரு வாசகி, பரமக்குடி.

பதில்: நீங்கள் பார்த்தது காரல். கோழை ஒட்டியது, வாய் நீண்டது என்ற இரண்டு குறிப்புகளே ஏறக்குறைய போதும் என்றாலும், வேறு பெயர் சொன்ன இருவரும் காரணமின்றிச் சொல்லவில்லை. மூன்று மீன்களும் சிறிதாக இருக்கும்போது வெள்ளி நிறத்தாலும் தட்டை உடலாலும் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. பாறைக்குஞ்சின் முதுகில் இரண்டு தனித்தனித் துடுப்புகள் இருக்கும். பெரும்பாலான பாறை வகைகளில் வாலை நெருங்கும் இடத்தில், உடலின் பக்கவாட்டில் நெடுக ஓடும் பக்கக்கோட்டின் மேல் கெட்டியான தகடுகள் கைக்குச் சொரசொரப்பாகப் படும். ஊடானுக்கும் வாய் நீளும் என்பதால் அதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஆனால் ஊடானின் செதில்கள் பெரியவை, தலையிலும் உண்டு. காரலின் தலையில் செதிலே கிடையாது. உடலில் உள்ள செதில்கள் மிகச் சிறியவை. உச்சந்தலையிலிருந்து கழுத்தை நோக்கி எலும்பு முகடு ஒன்று ஓடுவதை நகத்தால் தடவியே உணரலாம். முதுகுத் துடுப்பு ஒன்றுதான். அதன் முன்பகுதி முள்ளாக நிமிர்ந்து, நிமிர்ந்த நிலையில் பூட்டிக்கொள்ளும் அமைப்புடையது.

வாய் எந்தப் பக்கம் நீண்டது என்று நீங்கள் எழுதவில்லை. அடுத்த முறை அதைக் கவனிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் காரல் குடும்பத்தில் ஐம்பதுக்குச் சற்று முன்பின்னான இனங்கள் இருக்க, அவற்றைப் பிரித்தறியும் முதல் அடையாளமும் அவை எங்கே இரை தேடுகின்றன என்பதன் குறிப்பும் அந்த வாய்தான். இங்கே வகைகளை அறிவியல் பெயரால் சொல்கிறேன். கீழ்நோக்கி நீண்டால் அது லியோக்னாதஸ் போன்ற வகை. கடலடிச் சேற்றிலும் மணலிலும் உள்ள புழுக்களையும் சிறு கூனி வகைகளையும் உறிஞ்சி உண்பது. மேல்நோக்கி நீண்டால் செக்யூட்டர். தனக்கு மேலே நீரில் மிதக்கும் நுண்ணிய உயிர்களைப் பிடிப்பது. நேர்முன்னே நீண்டு, தாடையில் கூரிய கோரைப்பற்களும் தென்பட்டால் அது காசா. சிறு மீன்களையும் இறால்களையும் துரத்திப் பிடிப்பது. ஒரே கூடையில் இம்மூன்றும் கலந்து கிடப்பது சாதாரணம்.

இவற்றின் இருப்பிடம் கரையை ஒட்டிய ஆழமற்ற சேற்று மணல் தரை. பல இனங்கள் கழிமுகத்துக்குள்ளும் நுழைகின்றன. குஞ்சுகள் அலையாத்திக் காடுகளின் வேரடியிலும், மீனவர் தாழை என்று சொல்லும் கடற்புல் படுகைகளிலும் வளர்கின்றன. பெரும்பாலும் 15 மீட்டருக்கு மேல் ஆழமில்லாத, சேறும் தாழையும் நிறைந்த பாக் விரிகுடா இந்த மீனுக்கென்றே அமைந்த கடல் போன்றது. மன்னார் வளைகுடாவிலும் இவை ஏராளம். இப்பகுதிக் காரல் இனம் ஒன்றுக்கு, ராமேசுவரத்துக்கு அருகே மண்டபம் என்ற ஊரில் அன்று இயங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக இருந்த எஸ். ஜோன்ஸ் அவர்களின் பெயரே அறிவியல் பெயரில் சூட்டப்பட்டுள்ளது.

ஒளிரும் என்று நீங்கள் கேட்டது உண்மை. காரலின் உணவுக்குழாயைச் சுற்றி வளையம் போன்ற உறுப்பு ஒன்று இருக்கிறது. அதில் ஒளி உமிழும் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. பிறக்கும்போது அவை மீனிடம் இல்லை. இளம் மீன் அவற்றைக் கடல்நீரிலிருந்தே பெறுகிறது. அந்த ஒளி, பளபளப்பான உட்சுவர் கொண்ட காற்றுப்பையில் பட்டுத் திரும்பி வயிற்றுப்புறமாகக் கசிகிறது. மேலிருந்து வரும் மங்கிய வெளிச்சத்தோடு வயிற்றின் ஒளியும் கலந்துவிடுவதால், கீழே காத்திருக்கும் பெரிய மீனின் கண்ணுக்குக் காரலின் நிழலுரு தெரிவதில்லை. ஒளிந்துகொள்வதற்காக ஒளிர்கிற இந்த ஏற்பாடு என்னை இன்றும் வியக்க வைக்கிறது. பல இனங்களில் ஆண் மீனின் உறுப்பு பெரிது. விலாவில் ஒளி ஊடுருவும் பகுதியும் உண்டு. அதன் வழியே இணைக்குச் சைகை காட்டுகிறது. இத்தகைய ஒளிரும் பாக்டீரியாக்களுள் ஒன்றுக்கு ஃபோட்டோபாக்டீரியம் மண்டபமென்சிஸ் என்று பெயர். நம் மண்டபத்தின் பெயர்தான் அது. ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும்: சமையலறை இருட்டில் பழைய மீனின் தோல் மினுங்கினால், அது மேலே வளர்ந்த கடல் பாக்டீரியாக்களின் வேலையாக இருக்கலாம், உயிருள்ள காரலின் ஒளி உறுப்பு அன்று.

அடித்தரையை அரித்துச் செல்லும் இழுவைமடி என்ற வலை தாழையையும் சேர்த்துப் பிடுங்குகிறது என்பதால், இம்மீனின் வாழிடத்தைப் பற்றிய கவலை எனக்கு உண்டு. இலங்கை 2017-இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடை செய்தது. நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருந்தாலும், அது முடிந்ததும் அதே மடி அதே தாழையின் மேல்தான் இறங்குகிறது. விரல் நீளம்கூட வளராத காரல் கோழித்தீவனத்துக்காகக் குவிந்து கிடப்பதைக் காண்பது வருத்தம் தருகிறது.

கேள்வி: சென்னையில் காரப்பொடி என்று விற்பதும் காரல்தானா? கருவாட்டிலும் அடையாளம் காண முடியுமா? – ஒரு வாசகர், திருவொற்றியூர்.

பதில்: ஆம், காரப்பொடி என்பது சிறிய காரல்களுக்கு வழங்கும் பெயர், ஒரே இனத்தின் பெயர் அன்று, பல இனக் குஞ்சுகளும் அதில் கலந்திருக்கும். பிள்ளை பெற்ற தாய்மார்களுக்குக் காரல் குழம்பு வைத்துக் கொடுக்கும் வழக்கம் கடலோரங்களில் இன்றும் இருக்கிறது. கருவாடான பிறகு வாய் இறுகிவிடுவதால் இழுத்துப் பார்க்க இயலாது, கோழையும் காய்ந்துவிடும். செதிலற்ற தலையையும் உச்சியில் ஓடும் அந்த எலும்பு முகட்டையும் மட்டும் பாருங்கள். அவை உலர்ந்தாலும் மாறுவதில்லை.