பட்டறை பதில்கள்: காலையில் மட்டும் அடம்பிடிக்கும் டீசல் கார்

கேள்வி: எங்களுடையது 2013 மாடல் மஹிந்திரா வெரிட்டோ டீசல். 1,46,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஒரு மாதமாகக் காலையில் ஸ்டார்ட் செய்வதே பெரும்பாடு. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிப்பதில்லை. அரை நிமிடம் விடாமல் அடித்தால் கடைசியில் குப்பென்று வெள்ளைப்புகை விட்டுப் பிடிக்கும். அதுவரை புகையே வராது. மதியம் பள்ளியிலிருந்து எடுக்கும்போது ஒரே சாவியில் எடுக்கிறது. போன ஞாயிறு காலை சுத்தமாக ஸ்டார்ட் ஆகவில்லை. வீடு மேட்டில் இருப்பதால் வண்டி மூக்கைத் தூக்கியபடிதான் நிற்கும். பேட்டரி புதிது. போன மாதச் சர்வீஸில் டீசல் ஃபில்டர் மாற்றினார்கள். அங்கேயே காட்டியதற்கு, மலைக்குளிர் என்று நான்கு ஹீட்டர் பிளக்கையும் மாற்றினார்கள், பலனில்லை. இப்போது நான்கு இன்ஜெக்டரும் போய்விட்டது, 70 ஆயிரம் ஆகும் என்கிறார்கள். விற்றுவிடலாம் என்கிறார் கணவர். என்ன செய்யட்டும்?
(பள்ளி ஆசிரியை, வால்பாறை)

பதில்: டீச்சர், வண்டியை விற்கவும் வேண்டாம், இன்ஜெக்டருக்கு முன்பணம் கொடுக்கவும் வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. நோயாளி இவ்வளவு தெளிவாகச் சொன்னால் டாக்டருக்கு வேலை சுலபம்.

முதலில் அந்தப் புகை. டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. பிஸ்டன் காற்றை நெருக்கி நெருக்கி 500 டிகிரிக்கு மேல் சூடாக்குகிறது. அதில் இன்ஜெக்டர் டீசலைப் பீய்ச்சியதும் அது தானாகவே பற்றிக்கொள்கிறது. குளிரினாலோ, உள்ளே சூடேற்றிக் கொடுக்கும் ஹீட்டர் பிளக் கெட்டதாலோ பற்றவில்லை என்றால், உள்ளே போன டீசல் எரியாமல் வெள்ளைப்புகையாகச் சைலன்சரில் வந்துகொண்டே இருக்கும், அதுவும் ஆரம்பத்திலிருந்தே. உங்கள் வண்டி அரை நிமிடம் புகையே விடவில்லை. அப்படியானால் அந்த அரை நிமிடமும் சிலிண்டருக்குள் டீசலே போகவில்லை. ஹீட்டர் பிளக் மாற்றிப் பலன் இல்லாமல் போனதற்கும் இதுதான் காரணம்.

டீசல் ஏன் போகவில்லை? உங்களுடையது காமன் ரெயில் வண்டி. நான்கு இன்ஜெக்டருக்கும் பொதுவாக ஒரே குழாயில் டீசலை அழுத்தி வைத்திருக்கும், அதுதான் ரெயில். அந்த ரெயிலில் ஏறக்குறைய 200 பார் அழுத்தம் சேர்ந்த பிறகுதான் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறக்கவிடும். கார் டயரில் நாம் பிடிக்கும் காற்று சுமார் 2 பார். அதைப்போல நூறு மடங்கு. லைனில் கொஞ்சம் காற்று புகுந்தாலும் அந்த அழுத்தம் ஏறாது. காற்று அமுங்கும், டீசல் அப்படி அமுங்காது.

அடுத்து உங்கள் மேட்டு வீடு. இந்த 1.5 லிட்டர் இன்ஜினுக்கு டீசலை முன்னால் தள்ளிவிட டேங்கில் மின் பம்ப் கிடையாது. முன்பக்கம் இருக்கும் பம்ப்தான் பின்பக்க டேங்கிலிருந்து உறிஞ்ச வேண்டும். வண்டி மூக்கைத் தூக்கி நிற்கும்போது லைனில் எங்காவது காற்று புக வழி இருந்தால், ராத்திரி முழுக்க டீசல் மெல்ல இறங்கி டேங்குக்கே போய்விடும். காலையில் பம்ப் காலியான குழாயை உறிஞ்சிக்கொண்டிருக்கும். மதியம் வரை சில மணி நேரம்தான் நிற்கிறது, அதற்குள் அவ்வளவு இறங்காது. தொல்லை தொடங்கியதும் ஃபில்டர் மாற்றிய பிறகுதானே? நான் முதலில் கை வைக்கும் இடம் அந்த ஃபில்டர்தான்.

“ஒரு சொட்டுகூட ஒழுகவில்லையே” என்று மெக்கானிக் சொல்லலாம். ஒழுகாது. அது உறிஞ்சும் பக்கம். டீசலை வெளியே விடாத பொத்தல்கூடக் காற்றை உள்ளே விடும்.

நாளைக் காலை சாவி போடுவதற்கு முன் பானட்டைத் திறங்கள். டீசல் குழாயின் நடுவே, கைக்குள் அடங்கும் அளவில் ஒரு கறுப்பு ரப்பர் உருண்டை இருக்கும். பல்ப் பம்ப் என்போம். அதை அமுக்கிப் பாருங்கள். நல்ல வண்டியில் இரண்டு மூன்று அமுக்கிலேயே கல் மாதிரி இறுகும். உங்களுடையது முதலில் தொளதொளவென்று காற்றுதான் அடிக்கும் என்று நினைக்கிறேன். இருபது, முப்பது தடவை அமுக்கி இறுகியதும் சாவியைத் திருப்புங்கள். ஒரே மூச்சில் பிடித்தால் உங்கள் 70 ஆயிரம் தப்பியது. மறுநாள் இராத்திரி சமதரையிலோ மூக்கு கீழே இறங்கினாற்போலவோ நிறுத்திப் பாருங்கள். காலையில் சட்டென்று எடுத்தால் சந்தேகமே வேண்டாம்.

பிறகு மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டியது: ஃபில்டரைக் கழற்றி ஓ ரிங் என்ற ரப்பர் வளையம் மடிந்திருக்கிறதா, குழாய் கிளிப் முழுசாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கட்டும். ஃபில்டருக்குப் பிறகு கண்ணாடி போன்ற டியூப் இருந்தால் இன்ஜின் ஓடும்போது டார்ச் அடித்துப் பார்க்கட்டும். எப்போதாவது கடுகு அளவில் ஒரு குமிழி போனால் பரவாயில்லை. சரம் சரமாக ஓடினால் காற்று எடுக்கிறது. என் கைக்கு வந்த இதே மாதிரி வண்டிகள் பலவற்றில் நான் மாற்றியது ஒரு ரப்பர் வளையம்தான்.

பல்ப் இறுகியே இருந்து வண்டி அப்போதும் பிடிக்கவில்லை என்றால்தான் அடுத்த சோதனைகள். செல்ஃப் சுற்றும்போது பேட்டரி வோல்ட் 9.6-க்குக் கீழே போகக் கூடாது. ஸ்கேனர் போட்டு ரெயில் பிரஷர் எவ்வளவு ஏறுகிறது, இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் சுற்று காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். இன்ஜெக்டரைக் குற்றம் சொல்வதற்கு முன் ரிட்டர்ன் சோதனை கட்டாயம்: நான்கு இன்ஜெக்டரிலிருந்தும் மிஞ்சிய டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் டியூபையும் நான்கு பாட்டிலில் விட்டுப் பார்த்தால், எது மற்றதைவிட அதிகமாக டீசலைத் திருப்பி விடுகிறதோ அதுதான் தேய்ந்தது. அந்தச் சோதனையைச் செய்யாமல் நான்கையும் மாற்றச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

மூன்று விஷயங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

அரை நிமிடம் செல்ஃப் அடிக்காதீர்கள். பத்து விநாடி அடித்து ஒரு நிமிடம் விடுங்கள், இல்லாவிட்டால் செல்ஃப் மோட்டார் கருகிவிடும்.

இறக்கத்தில் உருட்டி ஸ்டார்ட் செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இன்ஜின் ஓடாமல், பிரேக்கை லேசாக மிதிக்க உதவும் பூஸ்டர் வேலை செய்யாது, ஸ்டீயரிங் கல்லாகிவிடும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. அந்த மாதிரி ரோட்டில் இது உயிரோடு விளையாடுவது.

கடைசியாக, யாரும் இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்திக் காற்று எடுக்கக் கூடாது. பழைய லாரிக்கு நாங்கள் அப்படித்தான் எடுப்போம். காமன் ரெயிலுக்கு அது ஆகாது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் என் பட்டறையில் ஒரு தம்பி லாரிப் பழக்கத்தில் நட்டைத் தளர்த்தியபோது டீசல் பீய்ச்சி விரலில் பட்டது. ஊசி குத்தினாற்போல ஒரு புள்ளி, ரத்தம்கூட இல்லை. துடைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தான், நானும் விட்டுவிட்டேன். சாயங்காலம் உள்ளங்கை வரை வீங்கி, ராத்திரி ஆபரேஷன். விரல் பிழைத்தது, ஆனால் இன்றுவரை முழுசாக மடங்காது. டீசல் தோலுக்குள் ஏறினால் புள்ளி எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அன்று எனக்கு அது தெரியவில்லை.

கேள்வி: பங்கில் தவறுதலாக டீசல் காரில் எட்டு லிட்டர் பெட்ரோல் போட்டுவிட்டார்கள். மீதிக்கு டீசல் நிரப்பி ஓட்டினால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். வண்டியை இன்னும் ஸ்டார்ட் செய்யவில்லை.
(உடுமலைப்பேட்டை வாசகர்)

பதில்: ஸ்டார்ட் செய்யாமல் விட்டது நல்ல காரியம். சாவியை ஆன் நிலைக்குக்கூடக் கொண்டுபோக வேண்டாம். பல வண்டிகளில் அப்போதே டேங்க் பம்ப் ஓடி பெட்ரோலை முன்னால் அனுப்பிவிடும். ரெயிலுக்கு டீசலை அழுத்தித் தள்ளும் ஹை பிரஷர் பம்புக்கு டீசல்தான் ஆயில். பெட்ரோலில் அந்த வழுவழுப்பு இல்லை. பம்ப் உள்ளே உராய்ந்து, அந்த இரும்புத்தூள் ரெயில், இன்ஜெக்டர் எல்லாவற்றுக்கும் போகும். நியூட்ரலில் தள்ளி ஓரங்கட்டி, டேங்கை முழுசாக இறக்கச் சொல்லுங்கள். இப்போதைக்கு அந்தச் செலவோடு போகும்.